தவக்காலத்தில் வறுத்த எண்ணெய்

தெஸலோனிகி
20 ஜனவரி 2025

ஸ்டெர்கியோஸுக்கு,

இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவர் ஒரு அட்டைப்பெட்டி தருவார். பெட்டி உனக்கில்லை, அப்பாவுக்கு. கம்பளிக் காலுறை, உலர்ந்த அத்திப்பழம், இருமல் மருந்து. பாதி வழியில் பிரித்துத் தின்னாமல் மேல் மடத்தில் கொண்டுபோய்க் கொடு.

உன்னிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிகிறது. என்ன செய்வது, அந்த மடத்து வாசலைப் பெண்பிள்ளை தாண்டக் கூடாது. சாமியார்களுக்குப் போனும் கிடையாது, தபாலும் கிடையாது. அப்பா அங்கே போய்த் துறவியான நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற ஒரே வழி நீதான். என் தலையெழுத்து!

போனில் பேசலாமே என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினாயாம். முடியாது. அம்மாவின் கல்லறையில் மண் காய்வதற்குள் அப்பாவின் மீன் சாப்பாட்டுக் கடையை உன் பெயருக்கு எழுதி வாங்கினாய். அவர் ஆயுள் முழுக்க நின்ற அடுப்பைப் பெயர்த்து வெளியே போட்டுவிட்டு எண்ணெய்ப் பீப்பாய் அடுக்கினாய். அவர் மலை ஏறிப் போனதே அதைக் கண்ணால் பார்க்கச் சகிக்காமல்தான். உன் குரலை இனிக் கேட்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் செய்தேன். எழுது, படிக்கிறேன்.

இன்னொன்று. ஊரெல்லாம் பழைய சமையல் எண்ணெய் பொறுக்கி, விமான எரிபொருள் காய்ச்சுகிற ஆலைக்கு நீ விற்கிறாய். அது நிஜமாகவே வறுத்த எண்ணெய்தானா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது என் கம்பெனி. இந்த வருடம் உன் கிடங்கு எங்கள் பட்டியலில் வந்திருக்கிறது. தம்பி என்று சொல்லி, உன்னைக் கூட வேலை செய்கிற ஃபோட்டிஸ் தலையில் கட்டிவிட்டேன். ஆனால் அவர் பார்த்து முடித்ததெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். ஒழுங்காக நடந்துகொள்.

டோம்னா


பெத்ரோகலி
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி பத்திரமாய் வந்தது. அத்திப்பழத்தில் ஒன்றே ஒன்று எடுத்தேன். டிரைவருக்கும் ஒன்று கொடுத்தேன். இரண்டு பேரையும் நீ ஜெயிலில் போடலாம்.

அப்பாவைப் பார்த்தேன். மடத்துச் சமையலறையில் பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உன் காலுறையைக் காட்டினேன். "ரெண்டு ஜோடியா? ஒண்ணு போதும்டா. இங்க ரெண்டு வச்சிருந்தா ஆசைன்னு சொல்லுவாங்க" என்றார். அப்புறம் இரண்டையும் அங்கிக்குள் திணித்துக்கொண்டார், வெட்கம் கெட்ட மனுஷன். இருமல் இருக்கிறது. மருந்தைக் குடிக்கச் சொன்னால், "அவ சின்னப் பிள்ளையில மருந்து குடிக்காம ஓடுனதுக்கு இப்ப பழி வாங்குறா" என்று சிரிக்கிறார். சிரித்தால் இருமுகிறார். வேறொன்றும் இல்லை.

உன் மிரட்டலுக்கு வருகிறேன். அக்கா, என்னைச் சோதிக்கிறதை விடு. ஆலைக்காரன் படுகிற பாட்டை நீ பார்க்க வேண்டும். தினமும் கூப்பிடுகிறான். "ஸ்டெர்கியோஸ், இன்னும் ஒரு லாரி குடுய்யா, வெலைய நீயே சொல்லு." இந்த வருடத்திலிருந்து விமானத்தில் நிரப்புகிறதில் ஒரு பங்கு பச்சை எரிபொருளாக இருந்தே தீர வேண்டும் என்று மேலே உட்கார்ந்து சட்டம் போட்டுவிட்டார்கள். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஒரு ஆளாவது யோசித்தானா? இந்தக் கடற்கரையில் இருக்கிற அத்தனை கடைக்காரனும் பெண்டாட்டி பிள்ளைகளோடு இராப்பகலாய் உருளைக்கிழங்கு வறுத்தாலும் ஒரு விமானம் லண்டன் போய்ச் சேராது. கடைக்குக் கடை நாலு பேர் டின்னோடு நிற்கிறார்கள். முந்தாநாள் ஒருவன் என் டின்னையே திருடிக்கொண்டு போய்விட்டான். கடையில் விற்கிற புது எண்ணெயைவிடச் சட்டியில் கருகிய எண்ணெய்க்கு விலை அதிகம். உலகத்துக்குப் புத்தி பிசகிவிட்டது.

எனக்கு அந்தக் கவலை இல்லை. மேல் மடம் என் கையில். யாத்திரை வருகிறவன் எல்லாம் அங்கே சாப்பிடுகிறான், சமையல்காரர் நம் அப்பா. மாதா மாதம் பீப்பாய் பீப்பாயாய் எடுக்கிறேன், அப்பாவே கையெழுத்துப் போட்டுத் தருகிறார். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து சமையலறையைப் பார்த்துக்கொள்.

அட, மறந்தே போனேன். உன்னால்தான் வர முடியாதே!

ஸ்டெர்கியோஸ்


தெஸலோனிகி
19 பிப்ரவரி 2025

ஸ்டெர்கியோஸுக்கு,

உன் நக்கலுக்குப் பதில் எழுத இப்போது நேரமில்லை. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? ஒரு வாரமாக எனக்கு மனசே சரியில்லை. காரணம் தெரியவில்லை. ராத்திரி அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

மார்ச் இரண்டாம் தேதி மன்னிப்பு ஞாயிறு. மறுநாள் தவக்காலம் ஆரம்பம். அன்றைக்குச் சாமியார்களெல்லாம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள், மடத்தலைவர்கூட முழங்காலில் விழுவார் என்று அப்பா ஒருமுறை உன்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று நான் மலைக்கு வருகிறேன். உள்ளே வர மாட்டேன், பயப்படாதே. வெளி வாசலில் நிற்கிறேன். அப்பாவை அதுவரை நடத்திக் கூட்டிக்கொண்டு வா. வாசலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒரு நிமிடம் முகத்தைப் பார்த்தால் போதும். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடையை நீ எழுதி வாங்கியபோது நான் இங்கே தெஸலோனிகியில் உட்கார்ந்து வாயாலேதான் சண்டை போட்டேன்.

இதை மட்டும் செய். இதற்காக உன்னிடம் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

டோம்னா


பெத்ரோகலி
27 பிப்ரவரி 2025

அக்கா,

வராதே. வீணாக மலை ஏறி வாசலில் நின்று திரும்பிப் போவாய். அப்பா இப்போதிருந்தே தவக்காலம் முடிகிற வரை மௌன விரதம் எடுத்திருக்கிறார். யாரிடமும் பேச மாட்டார், சமையலறையை விட்டு இறங்கவும் மாட்டார். மடத்தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார். அவர் கொடுத்த பிறகு நீயும் நானும் என்ன சொல்ல முடியும்?

மௌனத்துக்கு முந்தின நாள் நான் அங்கே இருந்தேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டோம்னாகிட்ட சொல்லுடா, மன்னிக்கிற அளவுக்கு அவ ஒண்ணும் செய்யல. அத்திப்பழம் தேன் மாதிரி இருந்துச்சு. அடுத்த தடவ கொஞ்சம் கூடவே அனுப்பச் சொல்லு."

இருமல் நின்றுவிட்டது. நிம்மதியாகத் தூங்கு.

நானும் கொஞ்சம் களைப்பாக இருக்கிறேன். இந்த முறை நீளமாக எழுத முடியவில்லை.

ஸ்டெர்கியோஸ்


தெஸலோனிகி
8 ஏப்ரல் 2025

ஸ்டெர்கியோஸ்,

அப்பா சொன்னதைப் படித்துவிட்டு அன்று ஆபீஸ் கழிப்பறையில் போய் அழுதேன். மறுநாளே அத்திப்பழம் அனுப்பினேன், கூடவே. வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுதவில்லை நீ. பரவாயில்லை. இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

முதல் மூன்று மாதக் கணக்கு என் மேசைக்கு வந்திருக்கிறது. ஃபோட்டிஸ் நல்ல மனிதர், ஆனால் ஏதென்ஸில் வளர்ந்தவர், கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. என் கண்ணில் பட்டது. மேல் மடத்திலிருந்து ஜனவரியில் எவ்வளவு எண்ணெய் எடுத்தாயோ அதே அளவு பிப்ரவரியில். அதே அளவு மார்ச்சிலும்.

மார்ச் முழுக்கத் தவக்காலம், அடேய்!

எந்த மடத்தில் தவக்காலத்தில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறும்? அவித்த பயறும் ரொட்டியும் ஆலிவ் காயும்தானே? சனி ஞாயிறில் பயற்றின் மேல் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வார்கள். மார்ச் இருபத்தைந்து திருநாளுக்கு உப்பு மீன் வறுப்பார்கள். அந்த ஒரு நாள் வறுத்ததில் உன் லாரி நிறைந்துவிட்டதா? நம் வீட்டில் தவக்காலத்தில் அம்மா எண்ணெய்க் குப்பியைத் துணியால் கட்டிப் பரண் மேல் ஏற்றிவிடுவாள். நீ நாற்காலி போட்டு ஏறித் திருட்டுத்தனமாய் முட்டை பொரித்துத் தின்பாய். அன்றைக்கும் உனக்கு நோன்பு நினைவில் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. பொய்க் கணக்கைப் பன்னிரண்டாய்ச் சமமாகப் பிரித்து மாதத்துக்கு ஒன்று போட்டுவிட்டாய். காலண்டரைத் திருப்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

துறைமுகத்தில் வந்து இறங்குகிற மலிவுப் பாமாயில்தானே? கிடங்கில் நாலு உருளைக்கிழங்கைக் கருக்கி அதில் போட்டு, பழைய எண்ணெய் என்று விற்கிறாய். யாரோ ஒருத்தன் எங்கோ காட்டை அழித்து நட்ட பனையிலிருந்து வந்த புது எண்ணெய். அதை ஊற்றிக்கொண்டு விமானத்தின் வாலில் பச்சை இலை வரைந்து பறக்கிறார்கள்.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க தம்பிதானேம்மா? வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்குங்க. ஆலைக்கு எண்ணெய் வேணும், நமக்கு ஆலை வேணும்" என்றார். நான் பேசி முடிக்கப் போவதில்லை. இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்கா திருநாள் வரை உனக்குத் தவணை. நீயாகவே ஆலைக்கு எழுதிச் சான்றிதழை ஒப்படைத்துவிடு. இல்லையென்றால் அவர் தலைக்கு மேலே நானே அனுப்புவேன்.

இதில் அப்பாவின் கையெழுத்தையும் வாங்கினாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்கு எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றாவது தெரியுமா?

டோம்னா


பெத்ரோகலி
13 ஏப்ரல் 2025

அக்கா,

கெட்டிக்காரி. சின்ன வயதிலும் நீதான் அம்மாவிடம் போட்டுக்கொடுப்பாய். உனக்குச் சம்பளம் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆமாம், பாமாயில். அதற்கென்ன இப்போது? எல்லாருக்கும் தெரியும். ஆலைக்காரனுக்குத் தெரியும், உன் மேலதிகாரிக்குத் தெரியும், விமானம் ஓட்டுகிறவனுக்கும் தெரியும். சந்தோரினித் தீவில் கல்யாணம் பண்ண ஊரையே ஏற்றிக்கொண்டு பறக்கிறான் பணக்காரன். அவன் பாவம் தொலைய நான் தெருத்தெருவாய்ச் சட்டி கழுவின எண்ணெய் பொறுக்க வேண்டும். இருந்தால் பொறுக்க மாட்டேனா? இல்லையே! இல்லாததைக் கேட்டால் இல்லாததைத்தான் கொடுப்பேன்.

சரி, எழுது. எழுதி அனுப்பு. ஆனால் முதலில் ஒன்றை யோசி. அத்தனையிலும் கையெழுத்து கெராஸிமோஸ் சாமியாருடையது. நம் அப்பாவுடையது. உன் ஆள் போய் மடத்தலைவரிடம் காட்டுவான். அந்தத் தலைவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியாது. அங்கியைக் கழற்றிக்கொண்டு இந்த வயதில் அப்பாவை மலையிலிருந்து இறக்கிவிடுவார். உன் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாயா? பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைப்பாயா? அவர் ஒவ்வொரு நாளும் உன் முகத்தைப் பார்ப்பார், நீதான் செய்தாய் என்று தெரிந்துகொண்டே பார்ப்பார்.

நேற்று மடத்துக்குப் போனேன். நீ எழுதியதைச் சொன்னேன். உன்னால் அவருடைய மௌனம் கலைந்தது, தெரிந்துகொள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்னு சொல்லுடா அவகிட்ட. எனக்கு இருக்கிறது இந்த அடுப்பு ஒண்ணுதான். இதையும் புடுங்கிற வேணாம்னு சொல்லு" என்றார். கிழவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

இனி உன் இஷ்டம்.

ஸ்டெர்கியோஸ்


தெஸலோனிகி
26 ஏப்ரல் 2025

ஸ்டெர்கியோஸ்,

புனித வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. "இந்த அடுப்பு ஒண்ணுதான்" என்ற வார்த்தை காதிலேயே இருந்தது. பாஸ்கா இரவில் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு நிற்கும்போது நான் முடிவு செய்துவிட்டேன், அறிக்கையை அனுப்புவதில்லை என்று. நீ ஜெயித்திருந்தாய். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் ஃபோட்டிஸைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தேன், சோதனைக்கு இல்லை. அப்பாவிடம் "பயப்படாதீங்கப்பா, நான் எதுவும் செய்யல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரும்படி அவரைத்தான் உள்ளே அனுப்பினேன். ஒரு டப்பா பாஸ்கா ரொட்டியும் கொடுத்தேன். நான் வெளி வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

ஃபோட்டிஸ் ரொட்டி டப்பாவோடு திரும்பி வந்தார். டப்பாவைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, அப்பா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாரோ என்று. ஃபோட்டிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டோம்னா, உங்க அப்பா பேரு கெராஸிமோஸ்தானே?"

"ஆமா."

"சமையலறையில வேற ஒருத்தர் இருக்கார். கெராஸிமோஸ் சாமியார் எங்கன்னு கேட்டேன். தோட்டத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாங்க."

மரச்சிலுவை. பிப்ரவரி பதிமூன்று. மார் சளி முற்றி இரண்டே நாளில் முடிந்துவிட்டதாம். மகன் கூடவே இருந்தானாம். "மகளுக்கு நானே சொல்லிடுறேன்னு அந்தத் தம்பி சொல்லிச்சே" என்று மடத்தலைவர் ஆச்சரியப்பட்டாராம். நாற்பதாம் நாள் பூசைக்கும் வந்து, செத்தவர் பெயரில் பங்கிடுகிற அவித்த கோதுமையை உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனாயாம்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். இருமல் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நின்றுவிட்டதுதான். நிம்மதியாகத் தூங்கு என்றும் எழுதியிருக்கிறாய். பாவி! செத்துப் பதினான்கு நாள் ஆன மனுஷன் வாயில் அத்திப்பழத்தை வைத்தாயே! மண்ணுக்குள் கிடக்கிறவரை எழுப்பி அழவைத்து, கெஞ்சவைத்து எனக்கு அனுப்பினாயே! இரண்டாவது பெட்டி அத்திப்பழத்தை யார் தின்றது? அந்தக் காலுறை இப்போது யார் காலில் இருக்கிறது?

எண்ணெய் பற்றியும் ஃபோட்டிஸ் கேட்டாராம். புதுச் சமையல்காரர் சிரித்திருக்கிறார். "எண்ணெயா? ஒரு சொட்டு வெளிய குடுக்கிறதில்லைங்க. மிஞ்சினதுல சோப்புக் காய்ச்சிருவோம். கெராஸிமோஸ் சாமியார்தான் காய்ச்சுவார், கை ராசி." இப்படிச் சொல்லி அப்பா கடைசியாகக் காய்ச்சியதில் ஒரு கட்டியை எனக்கென்று ஃபோட்டிஸ் கையில் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் அப்பா எதிலும் கையெழுத்துப் போடவே இல்லை. உயிரோடு இருந்தபோதும் போடவில்லை.

அறிக்கையைக் காரில் உட்கார்ந்தே அனுப்பிவிட்டேன். மேலதிகாரிக்கு இல்லை, நேராக மேலே.

டோம்னா


பெத்ரோகலி
12 மே 2025

அக்கா,

கிடங்கைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். தினமும் கெஞ்சிய ஆலைக்காரன் இப்போது போனை எடுப்பதில்லை. என் எண்ணெய் நின்ற அன்றே வேறொருத்தனிடம் வாங்க ஆரம்பித்துவிட்டானாம். அவனுடைய எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார், உனக்குப் பொழுது போகும். விமானம் ஒன்றுகூட நிற்கவில்லை. நின்றது நான் மட்டும்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். செத்த அன்று சொல்லத்தான் பேப்பரை எடுத்தேன். சொன்னால் நீ ஓடிவந்து வாசலில் விழுந்து புரளுவாய், உள்ளே விட மாட்டார்கள், ஊரே பார்க்கும். ஒரு நாள் போகட்டும் என்று வைத்தேன். அதற்குள் பிப்ரவரிக் கணக்கு வந்தது. கையெழுத்துக்கு அவர் பெயர் வேண்டியிருந்தது. செத்துவிட்டார் என்று சொன்னால் மடமே கையை விட்டுப் போய்விடும். அப்புறம் நீ மன்னிப்பு ஞாயிறு என்று எழுதினாய். நான் என்ன செய்வது? எழுத உட்கார்ந்தால் அவர் குரல் தானாகவே வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கும் அவர் இருக்கிற மாதிரிதான் இருந்தது. காலுறை என் காலில்தான் இருக்கிறது. அந்தக் கிடங்கில் குளிர் அப்படி.

இப்போது கேள். அந்தக் கடைசி ராத்திரி அவர் தலைமாட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். சாமியார்கள் ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். அவர் உன்னைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லிப் பேசினார். என்ன சொன்னார் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அறிக்கையில் தவறு நேர்ந்துவிட்டது, மாதத்தை மாற்றிப் படித்துவிட்டேன் என்று நீ எழுதிக் கொடு. போதும். சீலை எடுத்துவிடுவார்கள். அந்த வார்த்தையை நான் உனக்கு எழுதி அனுப்புகிறேன். இல்லையென்றால் அது என்னோடு போகும்.

ஸ்டெர்கியோஸ்


தெஸலோனிகி
16 மே 2025

அறிக்கை திரும்பாது.

டோம்னா


பெத்ரோகலி
1 ஜூன் 2025

அக்கா,

கிடங்கு ஏலத்துக்குப் போகிறது. அப்பாவின் கடை அது என்று உனக்கு நினைவிருக்கட்டும். வாங்க வந்தவன் ஹோட்டல் கட்டப் போகிறானாம். சுவரில் அடுப்புக் கரி இன்னும் இருக்கிறது, எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வருகிறது. அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறான்.

நீ விலைக்குப் படிய மாட்டாய் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. நீ அப்பா பெண். சரி, இந்தா, சும்மாவே தருகிறேன். எனக்கு இதை வைத்துக்கொண்டு படுக்க முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவருக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தடுமாறிவிட்டது. பழைய கடையில் நிற்கிறதாக நினைப்பு. கை காற்றில் சட்டியைக் குலுக்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து அதட்டினார்: "டேய், மத்தி வால எல்லாம் தனியா எடுத்து வை. டோம்னா பள்ளிக்கூடம் விட்டு வருவா. மொறுமொறுன்னு வால் இருந்தாத்தான் தின்னும் அது. நீ தின்னுறாத!" அவ்வளவுதான். "தின்னலப்பா" என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அக்கா. நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் நீதான்.

ஒன்று கேட்கிறேன். அந்தச் சோப்புக் கட்டியில் பாதி எனக்கு வெட்டி அனுப்புவாயா? அவர் கைபட்டது என்று என்னிடம் எதுவுமே இல்லை. அடுப்பைக்கூட இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் அனுப்பு. டிரைவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நான் போய் நிற்கிறேன்.

உன் தம்பி
ஸ்டெர்கியோஸ்


தெஸலோனிகி
9 ஜூன் 2025

ஸ்டெர்கியோஸுக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் பிரித்துப் படித்தேன். நடு அறையில் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதேன். மறுநாள் சந்தைக்குப் போய் மத்தி வாங்கினேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட வாங்கியதில்லை. வறுத்தேன். வாலையெல்லாம் ஒடித்துத் தனியாக ஒரு தட்டில் வைத்தேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. பிப்ரவரியில் நீ எழுதிய அத்திப்பழத்துக்கும் நான் இதே அழுகைதான் அழுதேன். ஏப்ரலில் நீ எழுதிய அடுப்புக்கும் இதே அழுகைதான். இரண்டிலும் அப்பாவேதான் பேசினார், ஒரு எழுத்து பிசகவில்லை. அவர் அப்படித்தான் பேசுவார். அவர் அப்படித்தான் பேசுவார் என்று உனக்கும் தெரியும். மத்தி வால் கதை நீயும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து தின்ற கதைதானே? அதை எடுத்து அவர் வாயில் வைக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நிஜமாகவே சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறதே தவிர, தெரியவில்லை. இனிச் சாகும் வரை தெரியப் போவதில்லை. உன்னிடமிருந்து வந்த எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பினேன், என்னவென்று எழுதிக் கொடுத்தார்கள். இதை எங்கே அனுப்புவேன்? என் அப்பா எனக்கென்று விட்டுப்போன ஒரே வார்த்தை, அதுவும் உன் கை வழியாக வர வேண்டியதாகிவிட்டதே.

வாலையெல்லாம் கீழே தெருப் பூனைக்குக் கொட்டிவிட்டேன்.

சோப்பில் பாதி கேட்டிருந்தாய். அது நேற்றோடு கரைந்து தீர்ந்துவிட்டது. நிஜமாகவா, இல்லை அலமாரியில் துணி சுற்றி வைத்துக்கொண்டு உன்னிடம் பொய் சொல்கிறேனா என்று நீ உட்கார்ந்து யோசித்துக்கொண்டிரு. பஸ் நிலையத்தில் போய் நிற்காதே. டிரைவரிடம் எதுவும் கொடுக்கவில்லை.

டோம்னா